நான்காங்கால் குட்டையாவது ஏன்?

தமிழில் இருக்கைகளுக்குப் பெயர் வைத்தவர் கணக்குப்பிள்ளையாகத்தான் இருந்திருக்க வேண்டும். சாயும் முதுகையும் உட்காரும் பலகையையும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்தார், காலை எண்ணினார், எழுதிக்கொண்டார். மூன்றென்றால் முக்காலி, நான்கென்றால் நாற்காலி. மேசைக்கும் நான்கு கால்தான். ஆனால் அது போர்த்துகீசியரோடு கப்பலேறி வந்தபோதே பெயரையும் கையோடு கொண்டுவந்துவிட்டதால் அவரிடம் சிக்காமல் தப்பியது. இப்படிக் காலை எண்ணிப் பெயரிட்டதைச் சோம்பேறித்தனம் என்று மொழியறிஞர்கள் ஒதுக்கக்கூடும். அது ஓர் எச்சரிக்கை என்பதே இந்த ஆய்வின் துணிபு.

யாருக்கு எச்சரிக்கை? ஞாயிற்றுத் தச்சருக்கு.

ஞாயிற்றுத் தச்சர் எனப்படுபவர் வாரத்தில் ஆறு நாள் வேறு வேலை பார்த்து, ஏழாம் நாள் பால்கனியில் மரம் அறுப்பவர். கணினி நிரல் எழுதுபவர், வங்கியில் கடன் விண்ணப்பம் பார்ப்பவர், கல்லூரியில் வேதியியல் நடத்துபவர் என்று பல இனங்கள் இதில் உண்டு. கைபேசியில் யாரோ தாடி வைத்த வெளிநாட்டவர் பத்தே நிமிடத்தில் அலமாரி செய்து முடிப்பதைப் பார்த்த இரவில் இவர்களுக்கு நோய் தொற்றுகிறது. முதலில் ஒரு ட்ரில் மெஷின் வாங்குகிறார்கள். பிறகு அதற்கு வேலை தேடுகிறார்கள். முதல் படைப்பு பெரும்பாலும் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூல் ஆடும். மூன்று கால்கள் தரையில் நிற்க, நான்காவது மட்டும் சற்றே மேலெழுந்து, தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். இந்த நான்காங்காலே நம் ஆய்வுப் பொருள்.

எந்த ஆய்வும் சங்க இலக்கியத்தில் தொடங்க வேண்டும் என்பது மரபு. அதை மீறும் துணிவு இக்கட்டுரையாளருக்கு இல்லை. புறநானூற்றின் 206-ஆம் பாட்டில், அதியமான் பரிசில் தராமல் காலம் நீட்டித்ததால் சினங்கொண்ட ஒளவையார் வாயில்காப்போனிடம் பேசுகிறார். தச்சனின் கைத்திறமுள்ள பிள்ளைகள் மழுவோடு காட்டுக்குள் போனால் மரத்துக்கா பஞ்சம், அதுபோல எங்களுக்கு எந்தத் திசையிலும் சோறு கிடைக்கும் என்பது அவர் வாதம். ‘கைத்திறமுள்ள’ என்ற அடைமொழியை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும். கைத்திறமில்லாத பெரியவர்கள் மழுவோடு போனால் என்ன ஆகும் என்பது பற்றிப் பாட்டு மௌனம் காக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுச் சிறுவரே ஆசைப்படும்படி செய்த, ஏறி ஓட்டுவதற்கில்லாத ஒரு சிறுதேர் வருகிறது. பார்க்க அழகாக இருந்து, ஏறினால் பயன்படாத மரப்பொருளுக்குத் தமிழில் கிடைக்கும் தொன்மையான சான்றுகளில் ஒன்று இது.

அதைவிட முக்கியமான சான்று நன்னூலில் இருக்கிறது. மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சன் நூல் பிடிக்கிறான், மனத்தின் கோணலைத் தீர்ப்பதால் புத்தகத்துக்கும் நூல் என்று பெயர் என்கிறார் பவணந்தி முனிவர். 13-ஆம் நூற்றாண்டில் சொன்னது. ஆசாரிமார் அந்தச் சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். மில்லிமீட்டரில் சொன்னால் 3.175. ‘ரெண்டு நூல் இழைக்கணும்’, ‘ஒரு நூல் தூக்கியிருக்கு’ என்று பட்டறையில் கேட்கலாம். ஞாயிற்றுத் தச்சர் மனக்கோணலைத் தீர்க்கும் நூல்களை நிறைய வாசித்தவர். எட்டில் ஒரு பங்கான இந்த நூலில்தான் அவர் கவிழ்கிறார்.

எப்படி என்று பார்ப்போம். இதுவே ஆய்வின் மையம் என்பதால் வாசகர்கள் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்வது நல்லது. தச்சர் பென்சில் தட்டையாக இருக்கும், வைத்த இடத்திலிருந்து உருளாது. அது கிடைக்காதவர்கள் பிள்ளையின் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

மரக்கடையில் சட்டம் ஆறடி நீளத்தில் கிடைக்கிறது. ஆறடி என்பது 72 அங்குலம். ஸ்டூலின் உயரம் 18 அங்குலம் என்று நம்மவர் முடிவு செய்கிறார், அது உட்கார வசதியான உயரமும்கூட. 72-ஐ 4-ஆல் வகுத்தால் 18, மீதி பூச்சியம். கடைக்காரர் முன்னாலேயே அவர் முகம் மலர்ந்துவிடுகிறது. ஒரு சட்டம், நான்கு கால், துளி சேதாரம் கிடையாது! கணக்கு வாத்தியார் இருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். ஆசாரி இருந்தால் ஏழடிச் சட்டமாக எடுத்துப் போட்டிருப்பார்.

ரம்பம் கோடு கிழிப்பதில்லை, மரத்தைத் தின்கிறது. கைரம்பத்தின் பற்கள் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமுமாகச் சற்றே சாய்ந்திருப்பதற்குக் காரணம், தகட்டைவிட அகலமாகப் பாதை வெட்டினால்தான் ரம்பம் சிக்காமல் போய்வரும் என்பதே. அந்தப் பாதையில் இருந்த மரம் தூளாகிக் கீழே விழுகிறது. வட்டத் தகடு சுழலும் மின்ரம்பம் ஒரு வெட்டுக்கு ஏறக்குறைய ஒரு நூல் தின்னும். கைரம்பம் அதில் பாதி. ஒரு சட்டத்தை நான்காக்க மூன்று வெட்டு வேண்டும். நம்மவர் 18 அங்குலம் அளந்து வெட்டுகிறார். மீதியில் மறுபடி 18 அளந்து வெட்டுகிறார். மூன்றாம் முறையும் அப்படியே. கடைசித் துண்டை அளப்பதில்லை. ‘மிச்சம் இருப்பது 18-தானே’ என்று வைத்துவிடுகிறார். அது 17 அங்குலம் 5 நூல். மூன்று வெட்டும் தின்ற மூன்று நூலும் கடைசிக் காலின் தலையில் விழுகின்றன. பால்கனி மூலையில் ஒரு கைப்பிடித் தூளாகக் கிடப்பது அந்தக் காலின் குறைதான். மறுநாள் வேலைக்கார அம்மா அதைக் கூட்டி வெளியே கொட்டிவிடுகிறார், சான்று அழிந்துவிடுகிறது.

கூட்டுக் குடும்பத்தில் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவருக்குக் குழம்பு குறைவதும் இதே விதிப்படிதான் என்று தோன்றுகிறது. அது வேறு ஆய்வு.

மூன்று நூல் என்பது 9.5 மில்லிமீட்டர். இந்த இடைவெளியை நிரப்பத் தமிழ்க் குடும்பம் கையாளும் பொருள்களைத் தொகுத்தால் ஓர் அருங்காட்சியகம் அமைக்கலாம்: தீப்பெட்டி, உடைந்த ஓட்டுச் சில்லு, தேய்ந்த செருப்பில் வெட்டிய துண்டு, மடித்த கல்யாணப் பத்திரிகை. இவற்றில் பத்திரிகையே தலைசிறந்தது என்பதற்குக் கணித ஆதாரம் உண்டு. நல்ல அழைப்பிதழ் அட்டை 0.3 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மடிப்புக்கும் கனம் இரட்டிப்பாகும். ஐந்து மடிப்பில் 32 அடுக்கு, 9.6 மில்லிமீட்டர். மூன்று நூலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆப்பு இல்லை. ஐந்தாவது மடிப்பைக் குதிகாலால் மிதித்துத்தான் போட வேண்டியிருக்கும், மணமக்கள் மன்னிக்க வேண்டும்.

ஞாயிற்றுத் தச்சரில் தன்மானம் மிக்கவர்கள் பத்திரிகையை ஏற்பதில்லை. காலையே அறுத்துச் சரிசெய்யப் போகிறார்கள். ஆய்வில் சோக ரசம் புகும் இடம் இது.

நான்கு காலில் ஒன்று குட்டையானால் ஸ்டூல் ஒரு மூலைவாட்டு அச்சில் ஆடும். குட்டைக் காலுக்கு இருபுறமும் உள்ள இரண்டு கால்களும் எப்போதும் தரையில் இருக்கும். குட்டைக் காலும் அதற்கு எதிர்மூலையில் இருக்கும் காலும் மாறி மாறித் தரையைத் தொடும். பார்ப்பவர் கண்ணுக்கு இந்த இரண்டில் எது குற்றவாளி என்று தெரியாது. ஆட்டமில்லாமல் நிற்க ஒரே நிபந்தனை, எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டின் நீளத்தைக் கூட்டினால் மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும் என்பது. நம் ஸ்டூலில் ஒரு பக்கம் 36 அங்குலம், மறு பக்கம் 35 அங்குலம் 5 நூல். எனவே அறுக்க வேண்டியது அசையாமல் நிற்கும் கால்களில் ஒன்றை. ஆனால் அசையாமல் நிற்பவரைத் தண்டிக்க யாருக்கு மனம் வரும்? நம்மவர் ஆடுகிற ஜோடியில்தான் கைவைக்கிறார். மூன்று நூல் குறை ஆறு நூல் ஆகிறது. திடுக்கிட்டு அடுத்த ஜோடிக்குப் போகிறார், ஒரேயடியாக ஓர் அங்குலம் எடுத்துவிடுகிறார். இப்போது ஆட்டம் திசை மாறுகிறது. 18 அங்குலத்தில் தொடங்கிய ஸ்டூல் 16 ஆகி, 13 ஆகி, பிள்ளைகளுக்கான ஸ்டூல் என்று அறிவிக்கப்பட்டு, ஒரு மாலைப்பொழுதில் மணைப்பலகையாக அமைதி அடைகிறது. மணை ஏன் ஆடுவதில்லை என்ற கேள்விக்கு இதுவே விடை: அது இந்தப் பாதை முழுவதையும் நடந்து முடித்துவிட்டது.

ஆசாரிகள் இதைத் தவிர்க்கும் விதம் வெட்கப்படும் அளவுக்கு எளிமையானது. நான்கு காலையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, மூலைமட்டம் வைத்து, எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே கோடு. அறுப்பதும் கோட்டின் மேல் இல்லை, கோட்டுக்கு வெளியே. கால்களைச் சற்றுக் கூடுதலாகவே விட்டுச் சட்டத்தில் பூட்டிய பிறகு மட்டமான இடத்தில் நிறுத்துவார்கள். ஆடும் கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்து மேற்பலகையை ரசமட்டத்தில் சமன் செய்வார்கள். பிறகு ஒரு சிறு கட்டைமேல் பென்சிலைக் கிடத்தி, கட்டையைத் தரையோடு தரையாக நகர்த்தி நான்கு காலையும் சுற்றிக் கோடு போட்டு அறுப்பார்கள். அளவே எடுப்பதில்லை! தரை எங்கே இருக்கிறது என்று தரையிடமே கேட்டுவிடுகிறார்கள். சட்டம் சதுரமாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். மூலைக்கு மூலை நூல் பிடித்து, இரண்டு குறுக்கும் சமமா என்று பார்ப்பார்கள். சமமானால் சதுரம், ஒன்று நீண்டால் கோணல்.

சரி, நான்கு கால் இவ்வளவு தொல்லை என்றால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும் என்பதால் முக்காலி எந்த மேட்டுப் பள்ளத்திலும் ஆடாது. ஐரோப்பாவில் மாட்டுத் தொழுவத்தில் பால் கறக்க உட்கார்ந்தது முக்காலியில்தான். ஆனால் அதில் ஒரு சூது உண்டு. மையத்திலிருந்து காலின் தூரம் ஒன்று என்று கொண்டால், சாய்ந்து கவிழாமல் இருக்க முக்காலி தரும் இடம் 0.5. நாற்காலி தருவது 0.71. அலுவலகச் சுழல்நாற்காலிக்கு ஐந்து கால் வைத்திருப்பது 0.81-க்காக. முக்காலி ஆடாது, கவிழ்க்கும். நாற்காலி கவிழ்க்காது, ஆடும். கணக்குப்பிள்ளை காலை எண்ணிப் பெயர் வைத்த காரணம் இப்போது விளங்கும்.

குற்றம் காலில் என்று ஒப்புக்கொள்ள ஞாயிற்றுத் தச்சருக்கு நெடுநாள் ஆகும். முதல் பழி தரையின் மேல். ‘டைல்ஸ் ஒட்டினவன் சரியில்லை.’ இந்த வாதத்தைக் கணிதம் பரிசீலித்திருக்கிறது. மேடு பள்ளமான தரையில் சதுர மேசை ஆடினால் அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், இருந்த இடத்திலேயே சுழற்றினால் கால் வட்டத்துக்குள் நான்கு காலும் பதியும் நிலை ஒன்று கிடைத்தே தீரும் என்பது கதை. ரோஜர் ஃபென் 1970-இல் மேசைத் தேற்றம் என்ற பெயரிலேயே எழுதினார். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னில் இருந்த இயற்பியலாளர் ஆந்த்ரே மார்த்தென், தரையின் சரிவு 15 பாகைக்கு மிகாவிட்டால் இது செல்லும் என்று காட்டினார். 2007-இல் பாரிடோம்பா, லோவன், போல்ஸ்டர், ராஸ் என்ற நால்வர் சேர்ந்து அந்த வரம்பை 35 பாகை வரை தள்ளினார்கள். நான்கு கால் பற்றிய கட்டுரையை நான்கு பேர் எழுதியது தற்செயலாக இருக்கலாம்.

இந்தத் தேற்றத்தில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நான்கு காலின் நுனியும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். தரையின் பாவத்தைக் கணிதம் மன்னிக்கும், காலின் பாவத்தை மன்னிக்காது. ஆகவே வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஸ்டூலைச் சுழற்றிச் சுழற்றி வையுங்கள். ஆட்டம் ஓர் இடத்தில் நின்று இன்னோரிடத்தில் வந்தால் தரையைத் திட்டலாம். எப்படித் திருப்பினாலும் அதே காலே தூக்கிக்கொண்டு நின்றால் கொத்தனாரை விட்டுவிட வேண்டும்.

தரையையும் காலையும் ஒருசேர ஏமாற்றிய இருக்கை ஒன்று இந்தியாவில்தான் பிறந்தது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் பொறியாளர்கள் இருந்த ரூர்க்கி நகரின் பெயரையே தாங்கிய ரூர்க்கி நாற்காலி. ஆணி இல்லை, பசை இல்லை. குச்சிகளைத் துளைகளில் செருகி, தோலோ துணியோ இழுத்துக் கட்டிவிட்டால் போதும். கூடாரத்தைச் சுருட்டும்போது இதையும் கழற்றி மூட்டை கட்டலாம். இணைப்புகள் இறுக்கமில்லாததால் ஒவ்வொரு காலும் தன் தரையைத் தானே தேடிக்கொள்ளும். டென்மார்க்கின் கோர கிளின்ட் 1933-இல் செய்த சஃபாரி நாற்காலிக்கு இதுவே முன்மாதிரி. நம் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியும் இதே தத்துவத்தைப் பின்பற்றுகிறது. 1972-இல் பிரான்சின் ஆன்ரி மசோனே வடிவமைத்த அந்த வகை நாற்காலி இரண்டு நிமிடத்துக்குள் அச்சிலிருந்து முழுசாக வெளிவந்தது. உட்கார்ந்தால் நெளிந்துகொடுக்கும், அதனால் ஆடுவதில்லை. அலுப்பில்லாமல் அடுக்கி வைக்கலாம். ஞாயிற்றுத் தச்சர் அதைப் பார்க்கும் பார்வையில் சொல்லொணாத கசப்பு இருக்கும். பதினொரு ஞாயிற்றுக்கிழமை உழைத்து அவர் எட்ட முடியாத உறுதியை அது இரண்டு நிமிடத்தில் பெற்றுவிட்டது.

பழியின் இரண்டாம் படலம் மரத்தின் மேல். இதில் ஓரளவு நியாயம் உண்டு.

வெட்டிய மரம் செத்துப்போய்விட்டதாக நினைப்பது தவறு. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உப்புகிறது, வெயிலில் அதை வெளியே விட்டுச் சுருங்குகிறது. கார்த்திகை மழையில் கதவு நிலையில் இடித்துக்கொள்வதும் பங்குனியில் தானாகச் சரியாவதும் இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், இந்த உப்பல் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இராது. நீளவாக்கில் அநேகமாக இல்லை. அகலவாக்கில் உண்டு, அதிலும் ஆண்டுவளையத்தை ஒட்டிய திசையில், வளையத்துக்குக் குறுக்கான திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. பச்சை மரம் முழுதாக உலரும்போது தேக்கு ஒரு திசையில் 2.5 விழுக்காடும் மற்றதில் 5.8 விழுக்காடும் சுருங்கும். தேக்குக்கு இருக்கும் மரியாதைக்கு, அது சுருங்குவது குறைவு என்பதும் ஒரு காரணம்.

இதை நூலில் சொல்வோம். 16 அங்குல அகலத்தில் ஒரு தேக்குப் பலகை, மழைக்கும் வெயிலுக்கும் இடையே அதன் ஈரம் 4 விழுக்காடு ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் அகலம் ஏறக்குறைய ஒரு நூல் கூடிக் குறையும். ஞாயிற்றுத் தச்சர் அதைக் குறுக்குச் சட்டங்களோடு பசை போட்டு, ஸ்க்ரூ முறுக்கி, மேலும் நாலு ஆணி அடித்து அசையவிடாமல் வைத்திருக்கிறார். ஒரு நூல் நகர வேண்டிய மரத்துக்கு வழியில்லை. ஒன்று வெடிக்கும், இல்லையென்றால் வளைந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் ஒரு கால் மேலே போகும். ஐப்பசியில் ஆடாத ஸ்டூல் சித்திரையில் ஆடுவதன் மர்மம் இதுதான்.

பழைய வீட்டுக் கதவுகளைத் தட்டிப் பார்த்தால் சில பலகைகள் லேசாகக் கடகடக்கும். வேலைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். சட்டத்தின் உட்புறத்தில் பள்ளம் எடுத்து, பலகையை அதில் பசையில்லாமல் செருகி, உப்பவும் சுருங்கவும் இடம் விட்டிருக்கிறார்கள். பலகை சட்டத்துக்குள் மிதக்கிறது. ப்ளைவுட் செய்வது வேறு தந்திரம்: மெல்லிய ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டி, ஒன்று நகர நினைத்தால் அடுத்தது பிடித்து இழுக்கும்படி வைத்துவிட்டார்கள். அரசு அலுவலகங்களிலும் இந்த முறை நடைமுறையில் உண்டு.

பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் ஆசாரிகள் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுத்த வச்சிரத்தைக் காய்ச்சி, சூடு ஆறுமுன் பூசுவார்கள். 1959-இல் வந்த பெவிகால் அந்த அடுப்பை அணைத்தது. மரத்தின் நீளவாட்டு முகங்கள் இரண்டை வெள்ளைப் பசையால் ஒட்டி இறுக்கிக் காயவிட்டால், பிறகு உடைத்துப் பார்க்கும்போது பசை விடாது, பக்கத்து மரம்தான் பிளக்கும். ஆனால் அறுத்த முனையில் பூசினால் ஸ்ட்ரா போன்ற நாளங்கள் பசையைக் குடித்துவிடும், பிடிப்பு இராது. அதனால்தான் காலின் முனையைச் செதுக்கிக் கழுந்தாக்கி, சட்டத்தில் உளியால் துளை எடுத்து உள்ளே இறக்குகிறார்கள். இறுக்குவதற்குக் கிளாம்ப் வாங்கக் காசு போதாத ஞாயிற்றுத் தச்சர் ஆட்டுக்கல்லையும் நிரம்பிய சிலிண்டரையும் ஏற்றி வைப்பார். ஞாயிறு மாலையில் இட்லிக்கு அரைக்க வேண்டிய வீட்டில் இது குடும்பப் பிரச்சினையாகிறது.

எந்த மரம் என்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேக்கு விலை அதிகம், அதிலுள்ள சிலிக்கா உளியை மழுக்கும். பால் வற்றியதும் வெட்டப்படும் ரப்பர் மரம் மலிவு, பக்குவம் செய்யாவிட்டால் பூச்சி அரிக்கும். பலருக்கும் கைக்கெட்டுவது துறைமுகம் வழியாக வந்து இறங்கிய பைன் மரப் பெட்டிகளும் சரக்குத் தட்டுகளும்தான். அவற்றின் மேல் ஒரு முத்திரை இருக்கும். ‘ஹெச்.டி.’ என்றிருந்தால் மரத்தின் உள்மையம் வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பூச்சி நீக்கியது, தாராளமாக வீட்டுக்குள் கொண்டுவரலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது. அதைக் கடையிலேயே விட்டுவிட வேண்டும், சும்மாவே கொடுத்தாலும்.

இவ்வளவு தொல்லைக்குப் பிறகும் ஏன் செய்கிறார்கள்? தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். ஒரு தலைமுறை முன்புவரை கல்யாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் வேண்டுமென்றால் ஆசாரி வீட்டுக்கே வந்து, திண்ணையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்து கொடுத்தார். மரவேலை ஒரு சாதியின் பிறப்புரிமையாகவும் சுமையாகவும் இருந்தது. மற்றவர்கள் இழைப்புளியைத் தொடுவதை வேடிக்கையாகக்கூட யாரும் நினைத்ததில்லை. “ஏங்க, ஆசாரியைக் கூப்பிட்டா அரை நாள் வேலை” என்று மனைவி சொல்வதிலும், “படிச்ச பிள்ளைக்கு எதுக்குடா இந்தத் தலையெழுத்து” என்று அம்மா அங்கலாய்ப்பதிலும் அந்தப் பழைய கணக்கு ஒலிக்கிறது.

இத்தாலியில் என்சோ மாரி 1974-இல் இதற்கு நேர் எதிரான கணக்கொன்றைப் போட்டார். சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் இருந்தால் யாரும் செய்துகொள்ளக்கூடிய மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி என்று 19 பொருள்களின் வரைபடங்கள். தபால் தலை அனுப்பிக் கேட்டவர்களுக்கு அவற்றை இலவசமாக அனுப்பினார். எல்லோரும் தச்சராக வேண்டும் என்பது அவர் ஆசை அல்ல. ஒரு முறை தானே ஆணி அடித்துப் பார்த்தவன், கடையில் நாற்காலி வாங்கும்போது அதைக் கவிழ்த்துப் பார்ப்பான் என்று நம்பினார். இதில் அவர் ஜெயித்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். ஞாயிற்றுத் தச்சரை எந்த வீட்டு விருந்துக்கும் அழைத்துப் பாருங்கள், சாப்பாட்டு மேசையைக் குனிந்து பார்க்காமல் இலையில் உட்கார மாட்டார்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1930-களின் பிற்பகுதியில் கோல்கொண்டா விடுதியைக் கட்ட வந்த ஜார்ஜ் நகாஷிமாவின் கதை ஞாயிற்றுத் தச்சர் வட்டாரத்தில் அடிக்கடி பேசப்படும். கட்டடக் கலைஞரான அவர் முதன்முதலில் மரச்சாமான் செய்தது அங்கேதான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, ஐடஹோவின் மினிடோகா முகாமில் ஹிகோகாவா என்ற தச்சரிடம் ஜப்பானிய முறையைக் கற்றார். பிறகு பென்சில்வேனியாவில் பட்டறை வைத்தார். பலகையில் வெடிப்பிருந்தால் மறைக்காமல், அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையை இறக்கிப் பூட்டுவது அவர் பாணி. ஞாயிற்றுத் தச்சர்கள் நகாஷிமாவை மேற்கோள் காட்டும் பகுதி வெடிப்பு மட்டும்தான்.

நார்டன், மொகான், ஏரியலி என்ற மூன்று ஆய்வாளர்கள், தன் கையால் செய்த பொருளின் மேல் வரும் பாசத்துக்கு விலை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஐக்கியா கடையின் சாதாரணப் பெட்டியைத் தாமே பூட்டியவர்கள் அதற்கு 78 சென்ட் தர முன்வந்தார்கள். பூட்டிய பெட்டியைக் கையில் வாங்கியவர்கள் 48 சென்ட் மட்டும் சொன்னார்கள். 63 விழுக்காடு கூடுதல், பெட்டி ஒன்றே. பூட்டி முடிக்காமல் பாதியில் விட்டவர்களிடமும் பூட்டியதைப் பிரித்துப் போட்டவர்களிடமும் இந்தப் பாசம் காணப்படவில்லை என்பது அந்த ஆய்வின் அடுத்த செய்தி. ஆடுகிற ஸ்டூலை ஆசாரியிடம் கொடுத்துப் பிரித்துச் சரிசெய்ய ஏன் யாரும் சம்மதிப்பதில்லை என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

களஆய்வுக் குறிப்பொன்று மட்டும் மிச்சம். இடம் அம்பத்தூர், அடுக்குமாடிக் குடியிருப்பு, மழை விட்டு நான்காம் நாள். குளியலறைக் கதவு உப்பி நிலையில் இடித்ததால் ஆசாரி ஒருவர் வந்திருந்தார். கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, ஓரத்தில் இழைப்புளி ஓட்டினார். சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அம்மையார் டீ கொண்டுவந்து, “உக்காந்து குடிங்கண்ணே” என்று கூடத்து ஸ்டூலைக் காட்டினார். ஆசாரி உட்காருவதற்கு முன், பழக்க தோஷத்தில், ஒரு விரலால் அதன் மூலையை அழுத்திப் பார்த்தார்.

“மூணு நூலுங்களா சார்?”

வீட்டுக்காரர் பேசவில்லை.

“ஆறடிச் சட்டத்துல நாலு கால் எடுத்தீங்களோ?”

“...ஆமா.”

“அந்தப் பக்கத்துக் கால் ஒண்ணைத் தட்டிவிட்டாச் சரியாயிடும். ரம்பம் பையிலதான் இருக்கு. எடுக்கட்டுங்களா?”

“வேணாம்” என்றார் வீட்டுக்காரர், சற்று வேகமாகவே.

ஆசாரி தலையாட்டினார். டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, காலடியில் நசுங்கிக் கிடந்த கல்யாணப் பத்திரிகையை உருவினார். மழை ஈரத்தில் அது தளர்ந்து விரிந்திருந்தது. தொடையில் வைத்து நீவி, விளிம்போடு விளிம்பு சேர்த்து ஐந்து மடிப்பாக மறுபடி மடித்து, கடைசி மடிப்பை இழைப்புளியின் அடிக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டிக் காலுக்கடியில் செருகினார். பிறகு அதன்மேல் உட்கார்ந்து டீயைக் குடித்தார்.